கிழக்கே பத்து மைல்

இதை நம்பாதவர்கள் தங்கள் நம்பாமையை எழுத்தில் கொடுக்கலாம். வாங்கி வைக்க ஒரு பிரிவு இருக்கிறது. பதிலும் வரும். கேட்ட கேள்விக்குத்தான் வருமா என்பது வேறு சங்கதி.

ஓர் ஆறு. மேற்கே ஒரு நாட்டில் புறப்பட்டுக் கிழக்கே இன்னொரு நாட்டுக்குள் நுழைகிறது. நுழைந்த விஷயம் ஆற்றுக்குத் தெரியாது. எல்லைக்கு இந்தப் பக்கம், நட்டாற்றில், ஒரு மணல் திட்டு. வெயில் ஏறித் தண்ணீர் வற்றி, திட்டு முதுகைக் காட்டியதும் ஆலாக்கள் வந்து இறங்கும். மஞ்சள் அலகும் கறுத்த உச்சந்தலையும் இரண்டாகப் பிளந்த வாலும் கொண்ட பறவை. கூடு கட்டுகிற வழக்கமெல்லாம் அதற்கு இல்லை. மணலில் வயிற்றை அமுக்கி ஒரு சுற்றுச் சுற்றும். குழி விழுந்த இடத்தில் முட்டையிடும். அதன் வீட்டுவசதித் திட்டம் அத்தோடு முடிந்தது.

அந்தத் திட்டுக்கு ஒரு காவலர் உண்டு. ஊரில் அவரை ஆலாக்காரர் என்பார்கள். பயந்த மனுஷன். காக்கித் தொப்பியைச் சாப்பிடும்போதுகூடக் கழற்றமாட்டார். "மேலதிகாரி திடீர்னு வந்துட்டா?" என்பார். மேலதிகாரி யாரும் திட்டுப் பக்கம் வந்ததே இல்லை. படகில் கால் வைத்தாலே அவர்களுக்குத் தலை சுற்றும். இருந்தாலும் தொப்பி இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது.

திட்டுக்கு மேற்கே பத்து மைலில், எல்லைக்கு அந்தப் பக்கம், ஓர் அணை. அணையின் ஷட்டரை ஏற்றி இறக்குகிறவர் ஆலாக்காரரின் மச்சான். அதாவது வீட்டுக்காரியின் சொந்த அண்ணன். ஷட்டரைத் தூக்கினால் திட்டு முழுகும். திட்டு முழுகினால் முட்டையும் குஞ்சும் ஆற்றோடு போகும். அதனால் வருஷா வருஷம் வெயில் காலத்தில் ஒரு பேச்சுவார்த்தை நடக்கும். மச்சான்தான் போன் போடுவார்.

"மாப்பிள்ளை, இங்க தண்ணி தளும்புது. தூக்கவா?"

"குஞ்சு இன்னும் ஓட ஆரம்பிக்கல மச்சான்."

"போன வாரமும் இதையேதான் சொன்ன. உன் குஞ்சுங்க என்ன, பரீட்சை எழுதிட்டுத்தான் ஓடுமா?"

"இன்னும் கொஞ்ச நாள் மச்சான்."

"சரி, கால்வாய்ல திருப்பி விடுறேன். சொந்தத் தங்கச்சி பிள்ளைங்களுக்குக்கூட இவ்வளவு பார்க்கல. உன் ஆலாவுக்கு நான் தாய்மாமன் வேலை பார்க்கிறேன்."

அதற்குள் வீட்டுக்காரி போனைப் பிடுங்கிக்கொள்வாள். அண்ணி சௌக்கியமா, மூட்டுவலி தேவலையா என்று அது வேறு திசையில் ஓடும். பறவையும் பிழைத்தது, சொந்தமும் பிழைத்தது. இப்படியே ரொம்பக் காலம் நடந்தது. நல்ல காரியம் ஒன்று ரொம்பக் காலம் சத்தமில்லாமல் நடந்தால், யாராவது ஒரு பெரிய மனிதர் கண்ணில் அது உறுத்தாமல் போகாது.

அக்கம்பக்கத்து நாடுகள் நான்கு கூடி ஓர் ஒப்பந்தம் போட்டன. காடு, ஆறு, விலங்கு, பறவை எல்லாவற்றையும் பற்றி ஒருவருக்கொருவர் தகவல் சொல்லிக்கொள்வதென்று முடிவாயிற்று. அதற்காகத் திட்டுக்குக் கிழக்கே இருந்த நகரத்தில் பிராந்தியப் பல்லுயிர்த் தரவுப் பகிர்வு மையம் எழும்பியது. நாலு பக்கமும் கண்ணாடி. பறவைகள் அதை வானம் என்று நம்பி வந்து மோதி விழும். விழுந்ததைக் காலையில் கூட்டி அள்ள ஓர் ஆள் வைத்திருந்தார்கள். அவர் அள்ளியது எந்தக் கணக்கிலும் சேராது. அது பல்லுயிர்ப் பிரிவு இல்லை, துப்புரவுப் பிரிவு.

திறப்பு விழாவுக்கு எல்லாக் காவலர்களையும் வரச்சொல்லிக் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள். இயக்குநர் எழுந்தார். வழுக்கைத் தலை, வெள்ளைச் சட்டை, யாரோ எழுதிக் கொடுத்ததைத் தானே யோசித்தது மாதிரிச் சொல்லும் குரல்.

"நண்பர்களே! ஒரு பறவை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நம்மிடம் பதிவாகவில்லை. அது பறவையா? இல்லை. அது வதந்தி!"

கைதட்டல்.

"விலங்குகளுக்கு எல்லை கிடையாது என்று கவிஞர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்த ஒழுங்கீனத்தைத்தான் இந்த மையம் முடிவுக்குக் கொண்டுவரப் போகிறது. பகிர்தல் நமது உயிர்மூச்சு. ஆகவே இன்றுமுதல் யாரும் யாரோடும் எதையும் நேரடியாகப் பகிர்ந்துகொள்ளக் கூடாது."

இதற்குக் கைதட்டல் இன்னும் பலமாக இருந்தது. நான்கு நாட்டுப் பிரதிநிதிகளும் எழுந்து நின்று தட்டினார்கள். அவர்களுக்குள் நேரடியாகப் பேசிக்கொள்ளவேண்டிய கஷ்டம் அன்றோடு விட்டது.

ஆலாக்காரருக்கு என்ன துணிச்சலோ, தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"ஐயா, ஒரு சந்தேகம். எங்க திட்டுக்கு மேல அணை இருக்குங்க. தண்ணி திறக்கிறதுக்கு முன்னாடி எங்க மச்சான் போன்ல..."

"மச்சான் என்பது எந்தத் துறை?"

"துறை இல்லைங்க. சம்சாரத்தோட அண்ணன்."

இயக்குநர் பிரதிநிதிகளைப் பார்த்துச் சோகமாகச் சிரித்தார். "பார்த்தீர்களா? இந்த மையம் ஏன் தேவை என்று இனி நான் விளக்கவேண்டியதில்லை. இதற்குப் பெயர்தான் முறைசாராக் கசிவு."

அடுத்த வாரமே இரண்டு பக்கத்துக்கும் சுற்றறிக்கை போயிற்று. எல்லைக்கு இருபுறமும் வேலை பார்க்கும் உறவினர்கள் தண்ணீர், இறகு, முட்டை முதலானவை பற்றித் தொலைபேசியில் பேசினால் வேலை போகும். ஆலாக்காரர் இந்தப் பக்கம் கையெழுத்துப் போட்டார். மச்சான் அந்தப் பக்கம் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்காரி போடவில்லை. அவளை யாரும் கேட்கவுமில்லை.

"எங்க அண்ணன்கிட்ட பேசக் கூடாதுன்னு சொல்ல அவன் யாரு?"

"பேசலாம்டி. தண்ணியையும் பறவையையும் பத்திப் பேசக் கூடாது."

"அங்க தண்ணியைத் தவிர என்ன இருக்கு? இங்க பறவையைத் தவிர என்ன இருக்கு? அப்புறம் எதைப் பேசறது, உங்க தொப்பியையா?"

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வழக்கம்போலப் போன் போட்டார்.

"அப்புறம் மாப்பிள்ளை?"

"அப்புறம் மச்சான்..."

"வெயில் எப்படி?"

"வெயிலைச் சொல்லலாமான்னு தெரியலை மச்சான். சுற்றறிக்கையில 'முதலானவை'ன்னு போட்டிருக்கான்."

"அதுவும் சரிதான்."

இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒருவர் மூச்சு விடுவதை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மச்சான், "மூச்சு நல்லாத்தான் வருது. வைக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

ஆலாக்கள் சுற்றறிக்கை படிக்காமல் அந்த வருஷமும் வந்தன. திட்டு முழுக்க முட்டை. ஆலாக்காரர் முறைப்படி மையத்துக்குப் போனில் பதிந்து அனுப்பினார். அனுப்பியது போய்ச் சேர்ந்ததற்கு ஒரு நன்றி வந்தது. அதற்கப்புறம் சத்தமில்லை. மேற்கே மேகம் கட்ட ஆரம்பித்தது. அணையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் தெரிந்துகொள்ளக் கூடாது. பொறுத்துப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறி மையத்துக்கே போனார்.

பகிர்வுப் பிரிவில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். கணினியையே பார்த்துப் பார்த்துக் கழுத்து எலும்பு தேய்ந்து, கழுத்தைச் சுற்றிப் பட்டை மாட்டியிருந்தாள். பக்கவாட்டில் பார்க்கவேண்டுமானால் நாற்காலியோடுதான் திரும்பவேண்டும். அதனால் பெரும்பாலும் திரும்புவதில்லை.

"திட்டுல ஆலா முட்டை வச்சிருக்குன்னு அனுப்பினேம்மா. அணைக்காரங்களுக்குத் தகவல் போயிருச்சான்னு..."

"அந்தத் தகவலை உங்களுக்குத் தர முடியாது."

"நான் குடுத்த தகவல்தாம்மா அது."

"குடுத்தீங்க. இப்ப அது எங்களது. நீங்க எந்த நிலை?"

"கடைநிலைங்க."

"கடைநிலைக்குத் தாவரம் மட்டும்தான் காட்டலாம். அதுவும் பூக்காதது."

"வாசல்ல பகிர்வுப் பிரிவுன்னு போட்டிருக்கேம்மா..."

"ஆமா. நீங்க எங்களோட பகிர்ந்துக்கிட்டீங்க, நடந்துருச்சு. நாங்க உங்களோட பகிர்ந்துக்கிட்டா அதுக்குப் பேரு கசிவு. கசிவுக்கு மூணாவது மாடி."

ஆலாக்காரர் நகரவில்லை. பயந்தவர்களுக்குச் சில சமயம் ஓடக்கூடப் பயமாக இருக்கும். அவர் நிற்பதைப் பார்த்துக் கழுத்துப்பட்டை அம்மாளுக்கே மனசு இளகியது. நாற்காலியோடு திரும்பினாள்.

"இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, பொதுவா சொல்றேன். எந்தக் கூட்டையும் அது இருக்கிற இடத்துல போட்டு அனுப்பமாட்டோம். முட்டைத் திருடங்க இருக்காங்கல்ல? இடத்தைச் சரியாப் போட்டா நேராப் போய் அள்ளிட்டுப் போயிருவான். அதனால எல்லாத்தையும் கிழக்கே பத்து மைல் தள்ளி வைப்போம்."

"எல்லாத்தையுமா?"

"முதல்ல ஒண்ணொண்ணையும் ஒவ்வொரு பக்கமாத் தள்ளிட்டு இருந்தோம். வரைபடம் பார்க்க லட்சணமா இல்லைன்னு இயக்குநர் சொல்லிட்டாரு. இப்ப ஒரே சீர். இந்த வருஷம் கிழக்கு, அடுத்த வருஷம் மேற்கு. மாத்தி மாத்தி வரும். திருடன் குழம்பிப் போயிருவான்."

"அணைக்காரங்களுக்குச் சரியான இடத்தைச் சொல்லுவீங்கல்ல?"

"அவங்களுக்கும் அதே வரைபடம்தான். பகிர்வுன்னா சமத்துவம். திருடனுக்கு ஒண்ணு, அணைக்காரனுக்கு ஒண்ணுன்னு பாரபட்சம் பார்க்க முடியுமா?"

ஆலாக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். திட்டிலிருந்து கிழக்கே பத்து மைல். அவர் பஸ்ஸில் வந்ததே அதே தூரம், அதே திசை. மெதுவாகத் திரும்பிக் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தார். மையத்தின் கார் நிறுத்துமிடம் சரளைக்கல் பரப்பி வெயிலில் மினுங்கியது. கறுப்புக் கார்கள் வரிசையாக அடைகாத்துக்கொண்டிருந்தன.

மையத்துக்கும் அன்று மாலையே அது தெரிந்துவிட்டது. வரைபடம் அச்சாகி வந்தபோது, அரிய ஆலாக்கள் கூட்டம் கூட்டமாகத் தங்கள் வாசலிலேயே முட்டையிட்டிருப்பதைக் கண்டு இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். இடம் தள்ளிவைத்த விஷயம் அவருக்குத் தெரியாதா என்று கேட்கலாம். தள்ளிவைக்கச் சொன்னதே அவர்தான். ஆனால் எந்தக் கூடு எங்கிருந்து தள்ளப்பட்டது என்று பார்க்கிற அதிகாரம் இயக்குநர் உட்பட யாருக்கும் கூடாது, கசிந்துவிடும் என்றும் அவரேதான் உத்தரவு போட்டிருந்தார். கழுத்துப்பட்டை அம்மாளுக்குத் தெரியும். சொன்னால் அவள் மூன்றாவது மாடிக்குப் போகவேண்டும். லிப்ட் வேலை செய்யவில்லை.

ஆய்வுக்குழு இறங்கியது. முட்டி போட்டுக் கார்களுக்கு அடியில் பார்த்தார்கள். ஓர் எண்ணெய்க் கறையை வெகுநேரம் அளந்தார்கள். ஒரு பறவையும் இல்லை, ஒரு முட்டையும் இல்லை. குழுவின் அறிக்கை இப்படி முடிந்தது: 'இப்பறவைகள் எதிர்பார்த்ததைவிட மிகுந்த கூச்ச சுபாவம் உடையவை. இவற்றைப் பார்க்க முயல்வதே தொந்தரவாகும்.'

கார் நிறுத்துமிடம் பாதுகாக்கப்பட்ட பகுதி ஆயிற்று. கம்பி வேலி போட்டார்கள். 'உள்ளே நுழையாதீர், உரக்கப் பேசாதீர்' என்று பலகை வைத்தார்கள். கார்கள் தெருக்கோடியில் நின்றன. இயக்குநர் அங்கிருந்து குடை பிடித்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார். நடந்து வருகிறார் என்பதைப் படம்பிடிக்க முன்னால் ஒருவர் பின்னோக்கி நடந்து வந்தார்.

வேலியோரமாக ஆலாக்காரர் காத்திருந்தார்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. முட்டையெல்லாம் ஆத்துத் திட்டுலதான் இருக்குது. என் கண்ணால பார்த்தேன்."

இயக்குநர் நின்றார். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகவே விளக்கினார்.

"நீங்கள் பார்த்தது உண்மையாக இருக்கலாம். ஆனால் அது சரிபார்க்கப்படவில்லை. நான் இங்கே எதையும் பார்க்கவில்லை. ஆனால் அது சரிபார்க்கப்பட்டிருக்கிறது. வித்தியாசம் புரிகிறதா?"

"புரியலைங்க."

"அதனால்தான் நீங்கள் கடைநிலை" என்று அன்போடு அவர் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

ஆலாக்காரர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வீட்டுக்காரி போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். "நான் எந்தக் காகிதத்துலயும் கையெழுத்துப் போடல" என்று சொல்லிவிட்டு அண்ணனைக் கூப்பிட்டாள். எல்லாரும் கேட்கட்டும் என்று சத்தத்தையும் ஏற்றி வைத்தாள்.

"அண்ணா, திட்டு நிறைய முட்டையும் குஞ்சுமா கிடக்கு. ஷட்டரைத் தொட்டியோ, உன் வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்."

மச்சான் இந்த முறை சுற்றறிக்கைக்குப் பயப்படவில்லை.

"தங்கச்சி, எழுத்துல வந்துருச்சும்மா. உங்க ஊர் மையத்துலேர்ந்துதான். ஆத்துல ஒரு கூடுகூட இல்லைன்னு வரைபடம் போட்டு அனுப்பியிருக்கான். எல்லாம் ஏதோ கார் நிறுத்துற இடத்துல இருக்காம். நாளைக்குக் காலையில திறந்தே ஆகணுமாம். நான் மாட்டேன்னா வேற ஆளை விட்டுத் திறப்பான். அவன் ஒரே தூக்கா தூக்கிருவான். நானா இருந்தா மெல்ல மெல்லத் தூக்குவேன். அதுதான் என்னால முடிஞ்சது. மாப்பிள்ளைகிட்ட சொல்லு, வெள்ளெனவே திட்டுக்குப் போகச் சொல்லு."

போனார். தண்ணீர் வந்ததும் சத்தமே போடவில்லை. மணலின் விளிம்பு கொஞ்சம் கறுத்தது. பிறகு விளிம்பே இல்லை. ஆலாக்காரர் தொப்பியைக் கழற்றி அதில் முட்டைகளைப் பொறுக்கிப் பொறுக்கித் திட்டின் உச்சிக்குக் கொண்டு போனார். பறவைகளுக்கு அவரும் ஒரு திருடன்தான். தலைக்கு மேலே கூச்சலிட்டுப் பாய்ந்து பாய்ந்து கொத்தின. உச்சந்தலையில் ரத்தம் வழிந்து கண்ணை மறைத்தது. துடைக்கிற நேரத்தில் தொப்பி கைநழுவி, முட்டைகளோடு, ஆற்றில் போயிற்று. அவர் கழுத்தளவு இறங்கித் துழாவினார். கிடைக்கவில்லை. திட்டின் மேல்பாதி தப்பியது. கீழ்ப்பாதியில் அடைகாத்திருந்தவை சாயங்காலம் வரை தண்ணீருக்கு மேலே, தங்கள் குழி இருந்த அதே இடத்தின் மீது, சுற்றிச் சுற்றிப் பறந்தன. ஆலாக்காரர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதையும் பதிந்து அனுப்பலாமா என்று அவருக்கு ஒரு முறை தோன்றியது. காறித் துப்பினார்.

மையத்தின் ஆண்டுக் கூட்டத்தில் இயக்குநர் தழுதழுத்தார். "ஆற்றில் பெருவெள்ளம் வந்த அதே நாளில், நமது வாகன நிறுத்தத்தில் ஒரேயொரு முட்டைகூடச் சேதமாகவில்லை. இதுதான் தரவின் வெற்றி." நான்கு நாடுகளும் சேர்ந்து அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தன. கேடயத்தில் ஒரு பறவை பொறித்திருந்தது. என்ன பறவை என்று யாரும் கேட்கவில்லை.

ஆலாக்காரருக்கும் ஒரு காகிதம் வந்தது. அரசாங்கத் தொப்பியைத் தொலைத்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். 'தொப்பி தொலைந்த இடம்: ஆறு' என்று எழுதிக் கொடுத்தார். 'பறவைகள் இல்லாத ஆற்றில் உமக்கு என்ன வேலை?' என்று திரும்பி வந்தது. அது நல்ல கேள்விதான். திட்டில் பறவை இல்லை என்பது ஊர்ஜிதம் ஆனபடியால் அங்கே காவலர் தேவையில்லை என்று முடிவு செய்து, புதுத் தொப்பி ஒன்றைக் கொடுத்து, அவரைக் கார் நிறுத்துமிடத்துக்குக் காவல் போட்டார்கள்.

"அங்க என்னத்தைங்க காவல் காப்பீங்க?" என்று கேட்டாள் வீட்டுக்காரி.

"இல்லாத பறவையைத்தான்."

"பத்திரமாப் பார்த்துக்குங்க. பறந்துரப் போகுது."

வேலிக்குள் ஒரு நாற்காலி. சுற்றிலும் சரளைக்கல். காலடி படாத இடம், சத்தமில்லாத இடம், நாயும் பூனையும் நுழையாத இடம். ஆலாக்காரர் மழையும் பார்த்தார், பனியும் பார்த்தார். அடுத்த வெயில் காலம் பிறந்தது. ஒரு நாள் காலையில் கல்லுக்கு நடுவே ஒரு கல் நடந்தது.

உற்றுப் பார்த்தார். ஆள்காட்டி. மஞ்சள் காலும் சிவந்த மூக்குமாக ஒன்று. அதற்குப் பின்னால் அதன் ஜோடி. சரளையில் முட்டையிடுகிற பறவைக்கு, நகரத்துக்கு நடுவில், வேலியும் பலகையும் காவலரும் போட்டு யாரோ ஓர் அரண்மனை கட்டிவைத்திருந்தால் அது விடுமா? இரண்டு நாள் கழித்துக் கல்லோடு கல்லாக முட்டைகள் கிடந்தன. அந்தப் பாதுகாக்கப்பட்ட பகுதியில் உண்மையாகவே இருந்த முதல் உயிர் அதுதான்.

ஆலாக்காரர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். போனை எடுத்தார். பதிவதற்கு முன்னால் அவர் கை சற்று நின்றது. இந்த வருஷம் கிழக்கு, அடுத்த வருஷம் மேற்கு. கழுத்துப்பட்டை அம்மாள் சொன்னது. இது அந்த அடுத்த வருஷம். இங்கிருந்து மேற்கே பத்து மைல் தள்ளினால்...

அவர் சிரித்தார். வாழ்நாளில் அலுவல் நேரத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்துவிட்டு, பயத்தில், தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பிறகு உள்ளதை உள்ளபடி பதிந்து அனுப்பினார். பொய் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. அதற்குத்தான் ஒரு மையமே இருக்கிறது.

புது வரைபடம் வந்த அன்று இயக்குநர் பதறிப்போய் வேலிக்கு ஓடி வந்தார்.

"நம் வளாகத்தில் ஒரு கூடுகூட இல்லை! எல்லாம் ஆற்றுக்குப் போய்விட்டதாகக் காட்டுகிறது!"

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடம் முட்டைக்கு நேர் எதிரே. ஆள்காட்டி சும்மா இருக்குமா? ஊரையே கூட்டுகிற குரலில் கத்திக்கொண்டு அவர் வழுக்கையை உரசி ஒரு பாய்ச்சல் பாய்ந்தது.

"என்ன ஐயா இது?"

"ஆள்காட்டிங்க."

இயக்குநர் கையிலிருந்த வரைபடத்தை விரித்துப் பார்த்தார். "இங்கே அப்படி எதுவும் இல்லையே."

"இல்லைங்க."

"அப்புறம் இது என்ன?"

ஆலாக்காரர் விறைப்பாக நின்றார். "வதந்திங்க, ஐயா."

வதந்தி திரும்பி வந்து இன்னொரு தடவை, இந்த முறை சரியாக உச்சந்தலையில், ஒரு போடு போட்டது. இயக்குநர் தலையைத் தடவிக்கொண்டே, சரிபார்க்கப்படாத வலியோடு, உள்ளே போனார். போனவர் வேலியைப் பிரிக்க உத்தரவு போட்டார். வேலி பிரிக்க ஒரு குழு அமைக்கவேண்டும், குழுவுக்கு நான்கு நாடும் ஆள் அனுப்பவேண்டும். குஞ்சு பொரித்து, ஓடி, பறந்து, அடுத்த ஊரில் குடித்தனம் வைக்கிற வரைக்கும் அந்தக் குழு கூடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் போனில் குதித்தார்.

"மாப்பிள்ளை! எழுத்துல வந்துருச்சு! உன் திட்டுல ஆள்காட்டி முட்டை வச்சிருக்காம். மறு உத்தரவு வர்ற வரைக்கும் ஷட்டர் பக்கமே போகக் கூடாதாம். தொட்டா வேலை போயிருமாம். நானும் பொறந்ததுலேர்ந்து பார்க்கிறேன், திட்டுல ஆலாதானே உண்டு. ஆள்காட்டி எப்ப மாப்பிள்ளை வந்துச்சு?"

"அதெல்லாம் கேட்கக் கூடாது மச்சான். கசிவு."

"அட, போடா!" என்று மச்சான் முதல் தடவையாக மாப்பிள்ளையை 'டா' போட்டார். மாப்பிள்ளைக்கு அது இனித்தது.

மறு உத்தரவு வரவேயில்லை. தண்ணீர் கால்வாயில் போயிற்று. திட்டில் ஆலாக்கள் யாருக்கும் தெரியாமல், எந்த வரைபடத்திலும் இல்லாமல், முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சுகளை மணலில் ஓடவிட்டன. விடுமுறை நாளில் ஆலாக்காரர் வீட்டுக்காரியைப் படகில் கூட்டிப்போய்க் காட்டினார். கீழ்ப்பாதியிலும் குஞ்சுகள் ஓடின. இயக்குநருக்கு அந்த வருஷமும் கேடயம் கொடுத்தார்கள், ஆற்றை மீட்டதற்காக.

இதோடு கதை முடிந்தது என்று ஆலாக்காரர் நிம்மதியாக உட்கார்ந்திருக்க முடியுமா? அடுத்த வருஷம் மறுபடியும் கிழக்கு. கார் நிறுத்துமிடத்து ஆள்காட்டி எவ்வளவு முட்டையிட்டாலும் அது கிழக்கே பத்து மைலில் எவனுடைய தோட்டத்திலோ போய் விழும். திட்டுக்கு வேண்டுமானால் திட்டுக்கு மேற்கே பத்து மைலில் ஒரு பறவை முட்டையிட வேண்டும். அதை அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் முறைப்படி பதியவேண்டும். இதை ஆலாக்காரர் போனில் யாரிடமும் சொல்லவில்லை. மச்சான் ஒரு நாள் பஸ் ஏறி மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். இருவரும் டீயை ஆறவைத்துவிட்டு வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். மச்சான் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நாளில் வீட்டுக்காரிக்கு அண்ணியிடமிருந்து போன் வந்தது. பேசி முடித்துவிட்டு அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு புருஷனுக்கு எதிரே வந்து நின்றாள்.

"என்னங்க நடக்குது? அணைக் குடியிருப்புல எங்க அண்ணன் மொட்டைமாடிக்குக் கூடை கூடையா சரளைக்கல்லு சுமந்துட்டு இருக்காராம். பரப்பி முடிச்சுட்டு, யாரும் மேல வரக் கூடாதுன்னு கதவைப் பூட்டிட்டாராம். துணி காயப்போடக்கூட விடமாட்டேங்குறாராம். எதுக்குன்னு அண்ணி கேட்டா விழுந்து விழுந்து சிரிக்கிறாராம். மனுஷனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சான்னு அழுறாங்க."

ஆலாக்காரர் சாப்பிட உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

"ஒண்ணுமில்லடி. தரவுப் பகிர்வு."